வெள்ள நிவாரணமா? வடிகாலா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், அயனம்பாக்கம், நொளம்பூர், திருவேற்காடு, மதுரவாயல் ஆகிய பக்கங்களில் குடியிருக்கும் மக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கவேண்டியவர்களாக இருக்கிறார்கள். இரண்டு நாள் விடாமல் பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் அதுவே பள்ளத்து வீடுகளுக்குள் வந்துவிடுகிறது. அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புஸ்தகமும் பரண்மேல் ஏறுகின்றன. பெரியவர்கள் கட்டில்மேல் ஏறுகிறார்கள். பிறகு படகு வருகிறது. சோற்றுப் பொட்டலம் வருகிறது. அந்தப் பொட்டலத்தோடு படம் பிடித்துக்கொள்ளுகிறவர்களும் வருகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் ஒரு தொகை வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ரூ. 6,000 வீதம் ரேஷன் கடை மூலம் கொடுக்கப்பட்டது. அதை வாங்க ஜனங்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேற்றைக் கழுவினார்கள். அத்தோடு அந்த வருஷத்துக் கதை முடிந்தது.

அந்த ஆறாயிரத்தை நாம் குறை கூற வரவில்லை. நனைந்த பாயும், கெட்டுப்போன அடுப்பும், நின்றுபோன கூலியும் உள்ளவனுக்கு அது அன்றைக்கு வேண்டியதே. ஆனால், தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கொடுக்கும் பணத்துக்கு இருக்கிற ஆர்ப்பாட்டம், தண்ணீர் வராமலிருக்கச் செலவழிக்க வேண்டிய பணத்துக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கின்றோம். நிவாரணத்தில் கொடுக்கிறவன் கை மேலேயும் வாங்குகிறவன் கை கீழேயும் இருக்கிறது. வாங்குகிறவன் கும்பிடுகிறான், கொடுக்கிறவன் ஓட்டை நினைத்துக்கொள்கிறான். வடிகாலிலோ கும்பிடுவதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் பேசாமல் போய்விடும். யாருக்கும் நன்றி சொல்லவேண்டிய அவசியமும் ஏற்படாது. ஆகவேதான் நிவாரணத்துக்கு இருக்கிற சிநேகிதர்கள் வடிகாலுக்கு இல்லை போலும்!

அயனம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுவோம். அது ஏரியை வைத்து ஏற்பட்ட ஊர். சுற்றுப்புறத்து மேட்டு நிலத்தில் விழுந்த மழை வரத்துக்கால் வழியாக ஏரிக்கு வரும்; மதகு வழியாக வயலுக்குப் பாயும்; மிஞ்சியது கலங்கல் தாண்டித் தெற்கே கூவத்தை நோக்கிப் போகும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் என்கின்ற ஒரே சங்கதியைத் தெரிந்துகொண்டவர்கள், அதற்கு வழி வெட்டி வைத்தார்கள். இன்று வயல் இல்லை, மனை இருக்கிறது. வரத்துக்கால் இருந்த இடத்தில் பல இடங்களில் வீதி இருக்கிறது. ஊர் கிராமமாயிருந்த காலத்தில் பத்து வீட்டுத் தண்ணீருக்கு வெட்டிய சிறு கால்வாயில் இன்று நூற்றுக்கணக்கான வீட்டுத் தண்ணீர் இறங்க வேண்டியிருக்கிறது. சாலையை ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போடுவதால், வீதி உயர்ந்து வீட்டு வாசற்படி தாழ்ந்துபோகிறது. மேடாகப் போட்ட பெருஞ்சாலைகள் ஒவ்வொன்றும், அடியில் போதுமான மதகு வைக்காத இடங்களில், தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கரையாகவே ஆகிவிடுகின்றன.

இதில் ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். கணக்கென்றால் பயப்படவேண்டாம், பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற கணக்குத்தான். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் பக்கத்து மனைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு கிரவுண்டில் விழும் தண்ணீர் 11,000 லிட்டருக்குமேல். அதாவது சித்திரை, வைகாசியில் நாம் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்தப் பெரிய தண்ணீர் லாரி, அதில் ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர்! மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கைப் பூமி குடித்துவிடும். முற்றம் முழுவதும் சிமெண்டு, வாசலெல்லாம் கல், தெருவெல்லாம் தார் என்று ஆன பிறகு அநேகமாக அவ்வளவும் தெருவுக்கு வருகிறது. நூறு கிரவுண்டு உள்ள ஒரு சிறு மனைப்பிரிவு என்றால், ஒரு மணி நேரத்தில் நூறு லாரிகளைக் கொண்டுவந்து தெருமுனையில் திறந்துவிட்டதற்குச் சமானம். இரண்டடிக் கால்வாய், அதிலும் பாதி மண்ணும் பிளாஸ்டிக் பையும் நிறைந்த கால்வாய், இதை எப்படித் தாங்கும்? வெயில் காலத்தில் ஒரு லாரித் தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற நாம், மழைக்காலத்தில் அதே தண்ணீரில் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு நிற்பது என்றால், இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்?

மழை அதிகம் என்பது மெய். 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது; வருஷம் முழுவதற்கும் சராசரியாகப் பெய்வதே ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்தான். ஆனால் இது எப்போதும் கண்டிராத அதிசயமல்ல. 1918 நவம்பரில் அதைவிடச் சற்று அதிகமாக, 1,088 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு பெய்யக்கூடும் என்று புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கும்போது, 2015-ல் "யாரும் எதிர்பாராத மழை" என்று சொன்னதற்கு அர்த்தமென்ன? எதிர்பார்க்க வேண்டியவர்கள் புஸ்தகத்தைப் பார்க்கவில்லை என்பதுதானே?

புஸ்தகத்தைப் பார்க்காதவர்கள் வேறு எதைப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2019-ல் மழை பொய்த்து ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது, இந்து அறநிலையத்துறையிலிருந்து பெரிய கோயில்களிலெல்லாம் மழை வேண்டி யாகமும் ஜபமும் நடத்தும்படி சுற்றறிக்கை போயிற்று. அது 2015 வெள்ளத்துக்கு நாலு வருஷம் கழித்து. 2021 வெள்ளத்துக்கு இரண்டு வருஷம் முன்பு. வருணன் யாகத்துக்குக் கட்டுப்பட்டு மழை கொடுத்தான் என்றால், போதும் என்று நிறுத்தவும் ஒரு யாகம் இருக்கவேண்டுமே? அதை ஏன் 2021 நவம்பரில் செய்யவில்லை? மழைக்குக் கோபமும் தெரியாது, கருணையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேடும் பள்ளமும்தான். ஆகவே, நம் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு பாயைக் காயவைக்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது, உங்கள் வெள்ளத்தை எழுதினவன் மேலே இல்லை. அது மனைப்பிரிவு வரைபடத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுகிறது என்பதே.

இனிப் பணத்தின் சங்கதிக்கு வருவோம். மத்திய சர்க்காரின் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் எல்லா மாகாணங்களுக்குமாகச் சேர்த்து, மாநிலப் பேரிடர் நிதிக்கென்று ரூ. 1,60,153 கோடி வகுத்தது. அதை இரண்டாகப் பிரித்து, ஆபத்து வந்த பின் செய்யவேண்டிய நிவாரணம், சீர்செய்தல் முதலியவற்றுக்கு நூற்றுக்கு எண்பது. ஆபத்து வராமல் தணிப்பதற்கு நூற்றுக்கு இருபது என்று விதித்தது. இருபதாவது வந்ததே என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஏனென்றால் அதற்கு முன் இப்படித் தனியாக ஒதுக்குவது என்கிற வழக்கமே இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். குடிசை எரிந்த பிறகு கீற்று வாங்க எண்பது காசு, எரியாமலிருக்க இருபது காசு என்று ஒரு குடும்பத்தலைவன் திட்டம் போட்டால், அவன் வீட்டு அம்மாள் சும்மா விடுவாளா? அமெரிக்காவில் தேசியக் கட்டடவியல் கழகம் 2019-ல் கணக்கிட்டுச் சொன்னது, ஆபத்தைத் தணிக்க அவர்கள் மத்திய சர்க்கார் கொடுத்த மானியத்தில் ஒரு டாலர் செலவழித்தால் பின்னால் ஆறு டாலர் நஷ்டம் மிச்சம் என்று. அவர்கள் கணக்கு அவர்கள் தேசத்துக்கு என்றாலும், ஒன்றுக்கு இரண்டு மிச்சமானால்கூட நமக்கு லாபம்தானே?

மிக்ஜாம் புயலில் நடந்ததைக் கவனித்தால் இன்னும் விளங்கும். அந்தப் புயலின் சேதத்துக்கென்று தமிழ்நாட்டு சர்க்கார் டில்லியிடம் கேட்டது ரூ. 19,692 கோடி. அதே மாதம் தென்ஜில்லாக்களில் நேர்ந்த வெள்ளத்துக்கென்று மேலும் ரூ. 18,214 கோடி கேட்டது. 2024 ஏப்ரலில் இரண்டுக்கும் சேர்த்து விடுவிக்கப்பட்டது ரூ. 276 கோடி. கேட்டது மிகை என்பார் ஒரு கட்சி, கொடுத்தது வஞ்சகம் என்பார் இன்னொரு கட்சி. அந்த வழக்கை இங்கே நாம் தீர்க்கப்போவதில்லை. நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அதே 2023 டிசம்பரில், புயல் கடந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, 7-ஆம் தேதி, சென்னை வெள்ளத்தைத் தணிக்கும் திட்டம் ஒன்றுக்கு ரூ. 561.29 கோடி என்று மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. அதில் ரூ. 500 கோடி மத்தியத் தணிப்பு நிதியிலிருந்து வருவது. பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றுக்கும் தலைக்கு 500 கோடி, பெங்களூர், ஐதராபாத், ஆமதாபாத், பூனா நான்குக்கும் தலைக்கு 250 கோடி என்று நிதிக்குழு முன்பே குறித்து வைத்த பணம் அது. 2021-ல் தொடங்கிய காலத்துக்குக் குறித்த பணத்துக்கு 2023 முடிவில், ஊர் மூழ்கிக் கிடக்கும்போது அனுமதி வந்தது. இன்னும் இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் அத்தனையும் தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. கொஞ்சமேனும் குறைத்திருக்குமா, இல்லையா?

பம்பாயின் கதை இதைவிட நீண்டது. அங்கே வெள்ளைக்காரன் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத்தான் தாங்கும். 1985-ல் வெள்ளம் வந்த பிறகு நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, 1993-ல் திட்டம் தயாரித்து, 50 மில்லிமீட்டர் தாங்கும்படி மாற்றவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பணம் இல்லை என்று அது பன்னிரண்டு வருஷம் அலமாரியில் தூங்கிற்று. 2005 ஜூலை 26-ஆம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நூற்றுக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அதன் பின் 2007-ல் மத்திய சர்க்கார் சுமார் ரூ. 1,200 கோடி கொடுத்தது. பிணம் விழுந்தால்தான் பணம் விழும் என்பது ஒரு பாடம். அது வெட்கப்படத்தக்க பாடம். ஆனால் இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது. பணம் வந்த அன்று நீட்டிக்காட்ட பம்பாயின் கையில் ஒரு திட்டம் இருந்தது. இன்னின்ன வடிகால், இவ்வளவு அகலம், இங்கே பம்பு என்று எழுதின காகிதம் இருந்தது. காகிதம் இல்லாத ஊருக்குப் பணம் வருவதில்லை. வந்தாலும் அது எங்கே போயிற்று என்று கேட்க முடிவதில்லை.

இதற்குச் சிலர் சொல்லுவதாவது: "அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர் வட்டாரங்களுக்கு உலக வங்கி உதவியோடு சுமார் ரூ. 1,100 கோடியில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடிகால் போட்டார்களே, இன்னுமா கேட்கிறீர்கள்?" என்பது. நல்ல கேள்வி. இதற்கு மூன்று வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

முதலாவது, உலக வங்கி கொடுப்பது தானமல்ல, கடன். வடக்கே கொசஸ்தலையாற்றுப் பக்கத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கொடுத்ததும், தெற்கே கோவளம் பக்கத்துக்கு ஜெர்மன் வங்கி கொடுத்ததும் கடனே. வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கப்போவது சொத்துவரி கட்டுகிறவனும், தீப்பெட்டி வாங்குகிறவனும்தான். ஆகையால் வடிகாலைப் பிச்சையாகக் கேட்கிறோம் என்று யாரும் கூசவேண்டியதில்லை. நம் பேரில் வாங்கின கடனுக்கு நம் தெருவில் கணக்குக் கேட்கிறோம்.

இரண்டாவது, நீளத்தைச் சொன்னால் போதாது. வடிகால் என்பது தெருவோரத்துச் சிமெண்டுப் பெட்டி மட்டும் அல்ல. அதன் அடித்தளம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போகவேண்டும். போய்ச் சேருகிற இடம் எல்லாவற்றிலும் தாழ்ந்திருக்கவேண்டும். நடுவில் ஒரு மின்கம்பத்துக்காகவோ, ஒரு பெரிய மனிதர் வீட்டு மதிலுக்காகவோ பத்தடி விட்டுவிட்டால், மற்ற ஆயிரம் அடியும் தொட்டிதான், கால்வாயல்ல. கூவம் கரைபுரளும்போது ஆற்று மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால் தண்ணீர் எதிர்த்து ஏறும்; அங்கே அடைப்பும் பம்பும் வேண்டும். நொளம்பூருக்கும் மதுரவாயலுக்கும் நடுவே கூவத்தின் தரைப்பாலம் மழைக்காலங்களில் மூழ்கிப் போக்குவரத்து நின்ற செய்தியை வாசகர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். அந்தப் பாலம் மூழ்கினால், மேலே இருக்கிற தெருக்களின் தண்ணீர் எங்கே போகும் என்பதை யோசிக்கவேண்டாமா? சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஏரிக்கரைகளை மேம்படுத்த எடுத்துக்கொண்ட பட்டியலில் அயனம்பாக்கம் ஏரியும் சேர்ந்திருக்கிறது. கரையில் நடைபாதையும் விளக்கும் வரட்டும், நல்லதே. ஆனால் கலங்கலுக்குக் கீழே கூவம் வரை போகிற உபரிக் கால்வாய் முழு அகலத்துக்கு இல்லையானால், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளம் பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு பிரயோஜனம் இராது.

மூன்றாவது, எல்லைத் தகராறு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்தில் திருவேற்காடு தனியாகவும், அயப்பாக்கம் தனியாகவும் நிர்வாகம் பிரிந்து வந்திருக்கிறது. ஏரி நீர்வளத்துறைக்கு, பெருஞ்சாலை நெடுஞ்சாலைத்துறைக்கு, தெரு உள்ளாட்சிக்கு, சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு. மேட்டு ஊர்க்காரர் தம் எல்லையோடு வடிகாலை முடித்துவிட்டுப் பணியை முடித்ததாகக் கையெழுத்துப் போட்டால், பள்ளத்து ஊர்க்காரர் வீட்டில் தண்ணீர் முடிவடைகிறது. ஹாலந்து தேசத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே வாழ்கிற ஜனங்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே தண்ணீர்ச் சபைகள் என்று ஏற்படுத்திக்கொண்டார்கள். ஊர் எல்லையைப் பார்க்காமல் தண்ணீர் ஓடும் எல்லையைப் பார்த்து ஏற்பட்ட சபைகள். இன்றும் அவற்றுக்குத் தனித் தேர்தலும் தனி வரியும் உண்டு. நம் அதிகாரிகளுக்குத் தண்ணீரின் எல்லை தெரியவில்லையென்றால் தண்ணீருக்கும் அவர்கள் எல்லை தெரியாது.

இந்த இடத்தில் நம்மவர் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டியது யோக்கியமாகும். 1920-களில் நீதிக்கட்சி சர்க்கார் நடந்தபோதுதான் மயிலாப்பூர் நெடும் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுப்பப்பட்டது. பட்டணம் பெருகிவந்த காலம். வீட்டுக்கு இடம் வேண்டும் என்றார்கள். ஏரியின் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டவர் அதிகமில்லை. இன்றும் கனமழையில் அந்த மாம்பலம் பக்கத்துத் தெருக்கள் தாம் ஏரியாக இருந்ததை நினைவுபடுத்துகின்றன. அதன்பின் நுங்கம்பாக்கம் ஏரியும் போயிற்று. அதன் நிலத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வள்ளுவர்மீது நமக்குள்ள மதிப்புக்காக, அந்த இடத்தில் ஏரி இருந்ததை இல்லை என்று சொல்ல முடியுமா? ஆரியன் தூர்த்தால் குற்றம், திராவிடன் தூர்த்தால் அபிவிருத்தி என்கிற நியாயம் தண்ணீரிடம் செல்லாது. இப்போது ஏரிகளைக் காக்க 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டப்படி அகற்றும்போது ஏரிக்கரையில் ஓலைக்குடிசை போட்டவனை முதலிலும், வரத்துக்காலில் மாடி கட்டினவனைக் கடைசியிலும் பார்ப்பது என்ற வழக்கம் மாறவேண்டும். ஏழைக்கு மாற்று இடம் கொடுக்காமல் இடிப்பதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

"நம் முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள், குடிமராமத்துச் செய்தார்கள், அந்தப் பொற்காலம் திரும்பவேண்டும்" என்று பேசுகிறவர்களையும் பார்க்கிறோம். ஏரி வெட்டின புத்தியை மெச்சுகிறோம். ஆனால் மண் சுமந்தவன் யார், கரையில் நின்று மேற்பார்வை பார்த்தவன் யார்? குடிமராமத்தில் ஆளை வலுக்கட்டாயமாக இழுத்து வேலை வாங்க 1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டான். கரை கட்டினவன் அந்த ஏரியில் குடம் வைத்து மொண்டால் தீட்டு என்றது ஊர். மஹாட் என்ற ஊரில் பொதுக்குளத்துத் தண்ணீரைத் தொடுவதற்காக 1927-ல் தோழர் அம்பேத்கர் ஒரு கிளர்ச்சியே நடத்தவேண்டியிருந்தது. ஆகவே பொற்காலம் திரும்பவேண்டாம். மதகும் கலங்கலும் மட்டும் திரும்பி வந்தால் போதும்.

அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம் வடிகாலுக்குள்ளேயே இன்றும் இருக்கிறது. மழைநீர்க் கால்வாயில் வீட்டுக் கழிவைத் திருட்டுத்தனமாக இணைத்துவிடுகிறோம். வெளியே சொன்னால் கௌரவக்குறைவு என்று எல்லா ஜாதி வீட்டுக்காரரும் இரவில் செய்கிற காரியம் இது. அதன்பிறகு அது மழைநீர்க் கால்வாய் அல்ல, சாக்கடை. அடைத்துக்கொண்டால் இறங்கிச் சுத்தம் செய்ய மட்டும் ஒரே ஒரு ஜாதியைத் தேடுகிறார்கள். மனிதனைச் சாக்கடையில் இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்திற்று. உயிரின் விலையை உயர்த்துகிறார்களே தவிர, இறங்குவது நின்றபாடில்லை. எனவே வடிகாலுக்குப் பணம் கேட்கும் மனுவிலேயே அதைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கும், அதை ஓட்டுகிறவனுக்கு நிரந்தரச் சம்பளத்துக்கும் சேர்த்துக் கேட்கவேண்டும். கட்டுவதற்கு மட்டும் பணம் வாங்கிவிட்டுச் சுத்தத்துக்கு வெறுங்கையோடு ஒரு மனிதனை அனுப்புவதானால், அப்படிப்பட்ட வடிகால் நமக்கு வேண்டாம் என்றே சொல்லுவோம். வேலை நடக்கும்போது பள்ளத்தைச் சுற்றி வேலியும் விளக்கும் வைக்கும் செலவும் அதில் சேரவேண்டும். 2022 அக்டோபரில் சென்னை அசோக் நகர்ப் பக்கம் வடிகாலுக்குத் தோண்டின பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் மாண்டார். வெள்ளத்துக்குத் தப்பி வடிகாலில் சாவதா?

சரி, யாரிடம், எப்படிக் கேட்பது? எம்.எல்.ஏ.வின் காரை மறித்துக் கேட்பது ஒரு வழி. அதில் பத்திரிகையில் படம் வரும். வடிகால் வருமா என்பது சந்தேகம். 2022 முதல் நகரங்களில் வார்டுக் குழு, பகுதி சபை என்று விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி முதல்முதலாகப் பகுதி சபைகள் கூடின. பஞ்சாயத்தாயிருக்கும் இடத்தில் கிராம சபை உண்டு. அங்கே பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பைத்தொட்டி என்று வாயால் பேசிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். அதற்குப் பதில் அயனம்பாக்கத்துத் தோழர்கள் ஒரு காகிதம் தயாரிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். அதற்குப் பெரிய இஞ்சினீயர் வேண்டியதில்லை. எந்தத் தெருவில், எந்தத் தேதியில், எத்தனை அடி தண்ணீர், எத்தனை மணி நேரம் நின்றது என்பதைச் சுவரில் உள்ள கறையை அளந்தே எழுதலாம். 2015, 2021, 2023 ஆகிய மூன்று வருஷத்துக் கறையும் பல வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கும்; வெள்ளையடிப்பதற்குமுன் அளந்துவிடுங்கள். வடிகால் எங்கே தொடங்கி எங்கே அறுந்துபோகிறது என்பதை நடந்து பார்த்து ஒரு படம் போடலாம். படிக்கிற பிள்ளைகள் கைபேசியிலேயே செய்துவிடுவார்கள். வேலைக்குப் போன ஆண்களைவிட, அன்று வீட்டிலிருந்து தண்ணீரை இறைத்த பெண்களுக்கு எந்த மூலையில் முதலில் ஏறிற்று என்பது நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் எழுதுகிற காகிதம் பாதிக் காகிதமே.

பிறகு 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, நம் தெருவுக்குப் போட்ட வடிகாலின் வரைபடம், அடித்தள மட்டம், போய்ச் சேரும் இடம், மழை எவ்வளவு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள், கண்டிராக்டர் எத்தனை வருஷம் பராமரிக்கவேண்டும் ஆகிய விவரங்களைக் கேட்டு வாங்கவேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பணம் வேண்டும் என்பது தானாகவே வெளியாகும். அதைப் பகுதி சபையில் தீர்மானமாக எழுதி, மாநகராட்சி, நீர்வளத்துறை, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மூன்றுக்கும் ஒரே தேதியில் அனுப்பவேண்டும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டாமலிருக்க அதுதான் வழி. தணிப்பு நிதியின் இருபது பங்கு, கேட்காத ஊரைத் தேடிக்கொண்டு வராது.

மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும், சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும், கோயில் தெருவும் மசூதித் தெருவும் சேரித் தெருவும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். சேரிதான் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கிறது. ஊர் ஏற்பட்ட விதமே அப்படி. அங்கே அளக்காமல் மாடி வீட்டுத் தெருவில் மட்டும் அளந்து கேட்டால், மேட்டுத் தண்ணீரைக் குழாய் வழியாகச் சேரிக்கு அனுப்பத்தான் அந்தப் பணம் பயன்படும். அப்படிப்பட்ட திட்டம் எந்தப் பக்கத்தில் வந்தாலும் அதை எதிர்த்து முதலில் எழுதுவது நாமாகத்தான் இருப்போம்.

அடுத்த ஐப்பசிக்குமுன் மாதங்கள் இருக்கின்றன. தை முதல் ஆனி வரை தரை காய்ந்திருக்கும்; அளப்பதற்கும் தோண்டுவதற்கும் அதுவே காலம். புரட்டாசியில் அவசரமாகத் தோண்டிப்போட்டுவிட்டு மழையில் மண் சரிய நிற்பதுதான் வழக்கமாயிருந்து வருகிறது. அயனம்பாக்கத்திலோ, அக்கம்பக்கத்து ஊர்களிலோ இப்படிக் கணக்கெடுத்துத் தீர்மானம் செய்கிற தோழர்கள் அதன் பிரதி ஒன்றையும், அதற்கு வந்த பதிலையும், பதில் வராவிட்டால் அனுப்பின தேதியையும் நமது ஆபீசுக்கு எழுதி அனுப்பினால், கட்சி பார்க்காமல் வாராவாரம் பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.